வழுநீக்கியின் வழு: பயர்பக் நீட்சியின் எழுச்சியும் மறைவும் (2006 – 2017)

சொற்றொடரில் நேரும் பிழையை வழு எனவும், பிழையற்ற நிலையை வழாநிலை எனவும், பிழையேயாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதனை வழுவமைதி எனவும் வகுத்தனர் நம் இலக்கண நூலார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பது அவர்தம் கொள்கை. இவற்றுள்ளே காலவழு தனித்து நோக்கத்தக்கது. ‘நேற்று வருவான்’ என்னுந் தொடரில் ‘நேற்று’ என்ற சொல்லிற் பிழையில்லை. ‘வருவான்’ என்ற சொல்லிலும் பிழையில்லை. இரண்டும் ஒரு தொடரில் வந்து கூடுமிடத்தேதான் வழு பிறக்கின்றது.

கணினி நிரல்களில் நேரும் பிழைகளைக் குறிப்பதற்கும் ‘வழு’ என்ற இச்சொல்லே இன்று தமிழில் வழங்குகின்றது. அவ்வழுக்களைக் கண்டறிந்து களைய உதவுங் கருவி வழுநீக்கி எனப்படும். பிறர் பிழையைக் காட்டுதற்கென எழுந்த அவ்வழுநீக்கியே பழுதுபட்டு நின்றால் யாது செய்வது? பயர்பொக்ஸ் உலாவியின் நீட்சியாக 2006இல் தோன்றி, 2017இல் மறைந்த பயர்பக் என்னும் வழுநீக்கியின் வரலாறு இவ்வினாவினை மீண்டும் மீண்டும் எழுப்புவதாகும். உலாவி புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு வேளையிலும் அது தடுமாறியது. அதனை நம்பித் தொழில் செய்தோரும் தடுமாறினர். அத்தடுமாற்றங்கள் தற்செயலானவையா, அன்றேல் அக்கருவியின் பிறப்போடு ஒட்டியவையா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவர் ஒருவருக்கு இப்பொருள் எதற்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். ஏரும் தறியும் அச்சுப்பொறியும் வரலாற்று மாணவரின் ஆய்வுக்குரியனவாயின், நம் தலைமுறையின் கருவிகளும் அவ்வாறே ஆய்வுக்குரியனவாதல் வேண்டும்.

1. தோற்றமும் சூழலும்

இணையப் பக்கங்களுக்கு இயக்கமளிக்கும் ஜாவாஸ்கிறிப்ற் மொழியை 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிறென்டன் ஐக் என்பார் பத்து நாள்களில் உருவாக்கினார். இவ்வாறு விரைவிற் பிறந்த மொழி, பல்லாண்டுகள் தகுந்த வழுநீக்கியின்றியே பயிலப்பட்டது. நிரலிற் பிழை நேர்ந்தவிடத்து, அதன் இடையிடையே சிறு அறிவிப்புப் பெட்டிகள் தோன்றச் செய்து, எந்த வரிவரையிலே நிரல் ஒழுங்காக ஓடியது என ஊகிப்பதே பெரும்பாலார் கைக்கொண்ட முறையாயிருந்தது. கடிதத்தின் ஒவ்வொரு வரியின் பின்னும் ‘இதுவரை விளங்கிற்றா?’ எனக் கேட்பதைப் போன்றது இது.

நெற்ஸ்கேப் நிறுவனம் மைக்றோசொப்ற்றின் இன்ரநெற் எக்ஸ்புளோறருடனான போட்டியிற் பின்தங்கியபோது, 1998 மார்ச் 31ஆந் திகதி தன் உலாவியின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. மொசில்லா என்னுந் திட்டம் இவ்வாறு தோன்றியது. 2002இல் டேவ் ஹயற், பிளேக் றொஸ், ஜோ ஹெவிற் ஆகியோர், பருத்துப்போன மொசில்லாத் தொகுதியினின்றும் எளிய உலாவியொன்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். பீனிக்ஸ், பயர்பேட் எனப் பெயர்கள் மாறி, ஈற்றில் பயர்பொக்ஸ் என்னும் பெயரோடு அதன் முதலாம் பதிப்பு 2004 நவம்பர் 9ஆந் திகதி வெளிவந்தது.

இவ்வுலாவியின் சிறப்பியல்பு அதன் நீட்சிகளாகும். உலாவியின் முகப்பு எம்மொழியில் எழுதப்பட்டதோ அதே மொழியில், எவரும் சிறு நிரலொன்றை எழுதி உலாவியுடன் இணைக்கலாம். அவ்வாறு இணைந்த நீட்சி, உலாவியின் உள்ளுறுப்புக்கள் அனைத்தையும் தொட்டு மாற்ற வல்லதாயிருந்தது. வீட்டிற்கு வந்த விருந்தினர் திண்ணையில் இருத்தப்படாது, அடுக்களைவரை செல்ல அனுமதிக்கப்பட்டமை போன்றது இந்நிலை. பயர்பக்கின் வலிமைக்கும் பின்னர் நேர்ந்த துன்பத்துக்கும் வித்து இதுவே எனலாம்.

ஜோ ஹெவிற் நெற்ஸ்கேப்பிற் பணியாற்றிய காலத்தே, பக்கமொன்றின் உள்ளமைப்பை ஆராயுங் கருவியொன்றை ஆக்கியவர். வெங்மன் என்னும் ஜாவாஸ்கிறிப்ற் வழுநீக்கியும் மொசில்லாவில் ஏற்கெனவே இருந்தது. ஆயின் இவை தனித்தனிச் சாளரங்களில் இயங்கின. 2006 ஜனவரியில் ஹெவிற் வெளியிட்ட பயர்பக், இவையனைத்தையும் பக்கத்தின் அடியிலேயே ஒருங்குசேர்த்தது. செய்தி முனையம், பக்க அமைப்பு, நடைதாள், நிரல், பொருளமைப்பு, வலைப் போக்குவரத்து என ஆறு பலகங்கள் அதில் அமைந்தன. பக்கத்தின் ஓர் உறுப்பைச் சுட்டினால் அதன் நிரல் தெரியும். நிரலைத் திருத்தினால் அக்கணமே பக்கம் மாறும். 2007 ஜனவரியில் வெளியான 1.0 பதிப்போடு அதன் மூலநிரலும் பொதுவுடைமையாயிற்று. இணையத் தொழில்நுட்பம் பயின்றோருக்கு அது கருவியாக மட்டுமன்றி ஆசிரியராகவும் விளங்கியது. பிறர் அமைத்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வாய்ப்பினை அது நல்கிற்று.

அதே ஆண்டில் ஹெவிற் பேஸ்புக் நிறுவனத்திற் சேர்ந்தார். அதன்பின்னர் பயர்பக்கைப் பேணும் பொறுப்பு ஒரு குழுவினரிடஞ் சென்றது. ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளராயிருந்த ஜோன் பாற்றனும், மொசில்லாவைச் சேர்ந்த யான் ஒட்வார்க்கோவும் அக்குழுவில் முதன்மையானோர். ஏனையோரிற் பலர் ஊதியமின்றி உழைத்த தொண்டர்கள். இதனை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும்.

2. பதிப்பெண் என்னும் வாயில்

அக்கால நீட்சி ஒவ்வொன்றிலும் நிறுவற் கோப்பொன்று இருந்தது. தான் பொருந்தும் உலாவியின் மிகக் குறைந்த பதிப்பெண்ணையும் மிகக் கூடிய பதிப்பெண்ணையும் நீட்சி அதில் அறிவித்தல் வேண்டும். உலாவி புதுப்பிக்கப்பட்டு அவ்வெல்லையைத் தாண்டியதும் நீட்சி தானாகவே முடக்கப்படும். நிரலில் ஒரு குறையும் இல்லாதிருப்பினும், அறிவித்த எல்லை கடந்தமையே முடக்கத்துக்குப் போதுமான காரணமாயிற்று.

தொடக்கத்தில் இது பெருஞ் சுமையாகத் தோன்றவில்லை. 2008 யூன் மாதத்தில் பயர்பொக்ஸ் 3 வெளிவந்தது. 2009 யூனில் 3.5, 2010 ஜனவரியில் 3.6, 2011 மார்ச்சில் 4 என அவை இடைவெளிவிட்டே வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பயர்பக் பதிப்பொன்றைக் குழுவினர் ஆயத்தஞ் செய்தனர். 3.6க்கு பயர்பக் 1.5உம், 4க்கு 1.7உம் உரியனவாயின. எனினும் உலாவி தானாகப் புதுப்பிக்கப்பட, நீட்சி பழைய பதிப்பிலேயே தங்கிவிடும் இடைக்காலத்திற் பயனர் இடருற்றனர்.

அவர்கள் கண்ட குறுக்குவழிகள் சுவையானவை. நீட்சியின் பொதி உண்மையில் சாதாரணச் சிப் பொதியேயாகும். அதனைப் பிரித்து, நிறுவற் கோப்பிலுள்ள உச்சப் பதிப்பெண்ணைக் கையாலே திருத்தி மீளக் கட்டுவது ஒரு வழி. பொருத்தம் பார்க்கும் விதியையே உலாவியின் உள்ளமைப்பிற் சென்று நிறுத்திவிடுவது மற்றொரு வழி. பிழையெனத் தெரிந்தும் தேவை கருதி ஏற்றுக்கொண்ட இச்செயல்களை வழுவமைதி எனக் கூறின் மிகையாகாது. சிலவேளை நீட்சி இனிது இயங்கியது. சிலவேளை பலகம் திறக்கும். ஆயின் அதில் ஒன்றுந் தோன்றாது.

பழுது எப்பொழுதும் பொருத்தமின்மையால் நேர்ந்ததுமன்று. நிரற் பலகம் இயங்குகையில், நிரலின் ஒவ்வோர் அடியையும் கண்காணிக்க வேண்டியிருந்தமையால் உலாவி தளர்ந்தது. ஒரு காலத்தில் கூகிளின் ஜிமெயில் சேவை, பயர்பக் தகுந்தவாறு அமைக்கப்படாவிடின் அஞ்சற் பக்கம் மந்தமாகும் எனப் பயனருக்கு எச்சரிக்கை காட்டியது. கருவியின் செல்வாக்குக்கும் அதன் சுமைக்கும் இதுவொன்றே சான்றாகும்.

3. ஆறு வாரச் சுழற்சி

2008 செப்ரெம்பரில் கூகிள் நிறுவனம் குறோம் உலாவியை வெளியிட்டது. அதில் வழுநீக்குங் கருவி உள்ளேயே அமைந்திருந்தது. விரைந்து புதுப்பிக்கப்படுதலும் அதன் இயல்பாயிற்று. போட்டியில் நிலைத்தற்கு மொசில்லாவும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. 2011 யூன் 21ஆந் திகதி வெளியான பயர்பொக்ஸ் 5 முதலாக, ஆறு வாரத்துக்கொரு பதிப்பு என்னும் நடைமுறை வேரூன்றியது. 2011ஆம் ஆண்டில் மட்டும் 4 முதல் 9 வரை ஆறு பெரும் பதிப்புக்கள் வெளிவந்தன. 3இலிருந்து 4ஐ எய்துவதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் சென்றன என்பதனை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

உலாவியை ஆக்கியவர்கள் ஊதியம் பெறும் பொறியியலாளர். நீட்சிகளை ஆக்கியவர்களிற் பெரும்பாலானோர் ஓய்வுநேரத் தொண்டர். முன்னவரின் வேகத்துக்குப் பின்னவர் ஈடுகொடுத்தல் எங்ஙனம்? தனியாள் ஒருவரின் விருப்பு வெறுப்பினால் இந்நெருக்கடி விளைந்ததன்று. சந்தைப் போட்டியின் வேகமும் தொண்டு உழைப்பின் வேகமும் ஒரே தொடரிற் சந்தித்தமையால் விளைந்தது. காலவழுவின் இலக்கணம் இதற்கு முற்றிலும் பொருந்துவதாகும்.

இடரை உணர்ந்த மொசில்லா, 2012 ஜனவரி 31ஆந் திகதி வெளியிட்ட பயர்பொக்ஸ் 10இல், பெரும்பாலான நீட்சிகளை இயல்பாகவே பொருந்துவனவாகக் கொள்ளும் விதியைப் புகுத்தியது. வாயில் திறக்கப்பட்டது. ஆயின் அதே பதிப்பில்தான் பக்க அமைப்பை ஆராயும் கருவியொன்றும் உலாவியின் உள்ளுறுப்பாக முதன்முறை இடம்பெற்றது. அதே ஆண்டு ஓகஸ்ற்றில் வந்த 15ஆம் பதிப்பில் ஜாவாஸ்கிறிப்ற் வழுநீக்கியும் சேர்ந்தது. நீட்சிக்கு இடமளித்த கையே அதற்குரிய மாற்றையும் ஆயத்தஞ் செய்தது என்பது வரலாற்றின் முரண்.

4. பழுதறிந்த முறைமை

புதுப்பிப்பின் பின்னர் பயர்பக் இயங்கவில்லையெனில் பயனர் யாது செய்தனர்? காலப்போக்கில் அவர்களிடையே ஒழுங்கான முறைமையொன்று உருவாயிற்று. அறிவு எவ்வாறு திரள்கின்றது என்பதற்கு அஃது எடுத்துக்காட்டாதலின் இங்கு விரித்துரைத்தல் தகும்.

முதலாவது, உலாவியின் பதிப்பெண்ணும் நீட்சியின் பதிப்பெண்ணும் ஒன்றற்கொன்று உரியனவா எனப் பார்த்தல். இரண்டாவது, உரிய பலகம் இயங்குநிலையில் உள்ளதா எனப் பார்த்தல். நிரற் பலகம் முடங்கியிருக்க, நீட்சியே கெட்டதென மயங்கியோர் பலர். பலகத்தை இயக்கிய பின்னர் பக்கத்தை மீள ஏற்றுதலும் வேண்டும். மூன்றாவது, ஏனைய நீட்சிகள் அனைத்தையும் நிறுத்தி, உலாவியைத் தொடங்கி, அவற்றை ஒவ்வொன்றாக மீள இயக்கிப் பார்த்தல். இரு நீட்சிகள் ஒரே உறுப்பை மாற்ற முயன்று மோதியிருப்பின் இவ்வாறு வெளிப்படும்.

நான்காவதே இவற்றுள் தலையாயது. பயனரின் அமைப்புக்களும் நீட்சிகளும் சேமிக்கப்பட்டிருக்குங் கோப்புறைக்குப் பதிலாக, புதியதொரு வெற்றுக் கோப்புறையோடு உலாவியைத் தொடங்கி, அதில் பயர்பக்கை மட்டும் நிறுவிப் பார்த்தல். அங்கே அது இயங்கின், பழுது நீட்சியிலில்லை. பழைய அமைப்புக்களின் எச்சத்திலுள்ளது எனத் துணியலாம். அங்கேயும் இயங்காவிடின், குழுவினருக்கு முறையிடுதற்கு அதுவே தக்க ஆதாரமாகும். ஐந்தாவது, உலாவியின் பிழைப் பதிவேட்டை நோக்கி, எக்கோப்பில் எவ்வரியில் தடையேற்பட்டது எனக் குறித்தல்.

ஒரு காரணியை மட்டும் மாற்றி ஏனையவற்றை நிலையாக வைத்திருத்தல், ஐயத்துக்கிடமானதை நீக்கிப் பார்த்தல், பிறர் மீள நிகழ்த்தத்தக்கவாறு பதிவு செய்தல் ஆகியன விஞ்ஞான முறையின் அடிப்படைகளன்றோ? பயர்பக் இயங்கியபோது பயனர் இணையத்தைக் கற்றனர். அது இயங்காதபோது ஆய்வு முறையைக் கற்றனர்.

பேணுநர் நிலை இதனினுங் கடினமானது. வழுநீக்கி கெட்டபோது அதனை ஆராய்தற்கு மற்றொரு வழுநீக்கி வேண்டியிருந்தது. எனவே பாற்றன், உலாவியின் முகப்பையும் பயர்பக்கையுமே ஆராயவல்ல குறோம்பக் என்னுங் கருவியை ஆக்கினார். கூகிளின் குறோம் உலாவிக்கும் இதற்கும் தொடர்பில்லை; மொசில்லா உலாவியின் முகப்புக்கு வழங்கிய பெயர் அது. ஒட்வார்க்கோ, பயர்பக்கின் உட்செயல்களைச் சுவடு பிடிக்கும் எப்.பி.ற்றேஸ் என்னும் துணைக்கருவியை ஆக்கினார். மருத்துவருக்கு மருத்துவம் பார்த்தற்கு இன்னொரு மருத்துவர் தேவைப்பட்ட கதை இது.

5. அடித்தளம் பெயர்தல்

பயர்பக், ஜாவாஸ்கிறிப்ற் இயந்திரத்தின் பழைய வழுநீக்கல் இடைமுகமொன்றின் மீதே கட்டப்பட்டிருந்தது. அவ்விடைமுகம் கைவிடப்பட்டு, புதியதொன்று அமைக்கப்பட்டபோது, அதற்கேற்ப நிரலின் பெரும் பகுதியைக் குழுவினர் மீள எழுதினர். அதன் விளைவாகப் பயர்பக் 2.0 பதிப்பு 2014 யூனில் வெளிவந்தது. அதுவே முழுமையான தனிக்கருவியாக அது கண்ட இறுதிப் பெருமுயற்சி.

அடுத்த மாற்றம் இன்னும் ஆழமானது. உலாவியின் முகப்பும் இணையப் பக்கங்களும் அதுகாறும் ஒரே செயற்பாட்டில் இயங்கின. ஒரு பக்கம் நிலைகுலைந்தால் உலாவி முழுவதுஞ் சரிந்தது. பாதுகாப்பையும் உறுதியையுங் கருதி இவற்றை வெவ்வேறு செயற்பாடுகளாகப் பிரிக்கும் திட்டம் 2016 ஓகஸ்ற்றில் வந்த 48ஆம் பதிப்பிலிருந்து பயனரிடையே படிப்படியாகப் புகுத்தப்பட்டது. பக்கத்தின் உள்ளுறுப்புக்களை நேரடியாகத் தொட்டுப் பழகிய பயர்பக்குக்கும் பக்கத்துக்கும் இடையே இப்பொழுது சுவரொன்று எழுந்தது. 2.0 பதிப்பு இச்சூழலில் இயங்கவில்லை. உலாவியின் சொந்தக் கருவிகளின் மீது அமைந்த மூன்றாம் பதிப்பொன்று முயலப்பட்டதாயினும், இரண்டையும் ஒன்றாக்குதலே தக்கதெனத் துணியப்பட்டது. பயர்பக்கின் தோற்றமும் சில கூறுகளும் உலாவியின் கருவிகளுக்கு மாற்றப்பட்டன.

பழைய முறை நீட்சிகள் கைவிடப்படும் என 2015 ஓகஸ்ற்றில் மொசில்லா அறிவித்திருந்தது. 2017 நவம்பர் 14ஆந் திகதி வெளியான 57ஆம் பதிப்போடு அவ்வறிவிப்பு நிறைவேறியது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், ஒக்ரோபரில், பயர்பக்கின் முடிவு முறைப்படி அறிவிக்கப்பட்டது. இம்முறை பழுதறியும் எந்த முறைமையும் உதவவில்லை. பதிப்பெண்ணைத் திருத்தியும் பயனில்லை. வெற்றுக் கோப்புறையும் பயன்படவில்லை. வழுவமைதிக்கு இடமற்ற வழு அது.

6. மதிப்பீடு

இம்முடிவினை மொசில்லாவின் நன்றியின்மை எனக் கொள்வாருளர். பயர்பொக்ஸ் பரவுதற்குப் பயர்பக் துணைநின்றது; ஆதலின் அதனைக் காத்தல் மொசில்லாவின் கடனாயிருந்தது என்பது அவர் வாதம். முன்னேற்றத்தின் தவிர்க்கவியலா விலை இதுவென அமைதி கொள்வாரும் உளர். இரு கூற்றும் ஒருதலைப்பட்சமானவை என்றே தோன்றுகின்றது.

பயர்பக் ஆற்றல் மிக்கதாயிருந்தமைக்குக் காரணம் உலாவியின் உள்ளுறுப்புக்களோடு அது கொண்ட நெருக்கமே. அந்நெருக்கமே ஒவ்வொரு மாற்றத்திலும் அதனைக் காயப்படுத்தியது. அடுக்களைவரை சென்ற விருந்தினருக்கு, அடுக்களை இடித்துக் கட்டப்படும்போது இடமில்லாது போவது இயல்பு. மறுபுறம், எல்லா நீட்சிகளுக்கும் அடுக்களையைத் திறந்துவைத்தல் பாதுகாப்புக்கும் ஊறு விளைப்பது. ஆகவே மாற்றம் வேண்டியதே. ஈராண்டு முன்னறிவித்தலும், பயர்பக்கிலிருந்து புதிய கருவிகளுக்கு மாறுவோருக்கான கைந்நூலும் வழங்கப்பட்டமை பாராட்டத்தக்கன.

ஆயினும் ஒன்று எஞ்சுகின்றது. பயர்பக்குக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றமையால் அதன் கூறுகள் உலாவியினுள்ளே வாழ்வு பெற்றன. அத்தகைய துணையின்றித் தனியொருவர் எழுதிய நீட்சிகள் பல, மீள எழுத ஆளின்றி அன்றே அழிந்தன. அவற்றை நம்பியிருந்தோரின் இழப்பு எந்தப் பேரேட்டிலும் பதியப்படவில்லை. மாற்றத்தின் நன்மை பலருக்குப் பங்கிடப்பட, அதன் சுமை ஊதியமற்ற உழைப்பாளர் மீது விழுந்தது என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை. புதிய முறையும் இடர் நீங்கியதன்று. 2019 மே 4ஆந் திகதி, நீட்சிகளின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யுஞ் சான்றிதழொன்று காலாவதியானமையால், உலகெங்கும் பயர்பொக்ஸ் நீட்சிகள் ஒரே நாளில் முடங்கின. அன்றும் வழு நிரலில் இருக்கவில்லை, காலத்திலேயே இருந்தது.

பயர்பக் மறைந்ததாயினும், அது வகுத்த நெறி மறையவில்லை. பக்கத்தின் உறுப்பைச் சுட்டி அதன் நிரலைக் காணுதல், அந்நிலையிலேயே திருத்துதல், வலைப் போக்குவரத்தை நேர அளவோடு நோக்குதல் ஆகியன இன்று பெரும்பாலான உலாவிகளின் உள்ளேயே அமைந்துள்ளன. செய்தி முனையத்துக்கு அது பயன்படுத்திய கட்டளைகள் பிற உலாவிகளாலும் ஏற்கப்பட்டுப் பின்னர் பொது நியமமாகவும் எழுதப்பட்டன. பயர்பக் என்ற பெயரையே கேட்டிராத மாணவரும் அதன் கட்டளைகளை நாள்தோறும் எழுதுகின்றனர்.

ஆகவே கருவியொன்று புதுப்பிப்பின் பின் இயங்காதபோது, குறை யாரிடம் என வினவுமுன், எக்காலத்துக்குரிய எவை இங்கே ஒரு தொடரிற் கூடியுள்ளன என வினவுதல் நன்று. அடித்தளத்தை மாற்றுவோர், அதன்மேற் குடியிருப்போரை முன்கூட்டி அறிந்து, அவர்தம் சுமையிற் பங்கேற்றலும் வேண்டும். ‘நேற்று’ என்பதையும் ‘வருவான்’ என்பதையும் பழித்துப் பயனில்லை. தொடரை அமைப்பவர்க்கே பொறுப்பு உண்டு.